இருபத்திரண்டு அடி மரம்

திருகோணமலையில் மரம் கிடைக்காது என்று தூத்துக்குடியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஊர்ப் பழைய ஆசாரிகள் சமண்டலை மரத்துக்கு வைத்திருக்கும் பெயரே திருகோணமலை மரம் என்பதுதான். வண்டிக்கும் துடுப்புக்கும் அதை விட்டால் வேறு மரம் இல்லை என்பார்கள். மரத்துக்கே பெயர் கொடுத்த ஊருக்குப் போய் இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரே ஒரு மரம் தேடிப் பிடிக்க எத்தனை நாளாகிவிடும்? இரண்டு நாள் என்று கணக்குப் போட்டேன். பையில் இரண்டு சட்டையும் ஒரு கைலியும் மட்டும் எடுத்து வைத்தேன்.

என்னை அனுப்பியவர் எரிக் என்ற டென்மார்க்காரர். எழுபதைத் தாண்டியவர். சமாதான காலத்தில் தன் பழைய பாய்ப் படகில் திருகோணமலைக்கு வந்து உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டார். சண்டை மறுபடி தொடங்கிய சமயம் நெஞ்சு வலி வந்து சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். படகு அங்கேயே கிடந்தது. அவருக்கு வேறு வீடு கிடையாது, அந்தப் படகுதான் வீடு. வாடைக்காற்று தொடங்குவதற்குள் படகை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் கரையில் இழுத்துப் போட்டுவிடுவோம் என்று துறைமுக முகாமிலிருந்து கடிதம் வந்தது. நான் பதினைந்து வருடமாக அவருக்குப் பாய் தைத்துக் கொடுப்பவன். பாயின் அடி மரம் உளுத்திருக்கும், இருபத்திரண்டு அடியில் புதிது தேடிப் போட்டுப் படகைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

விமானத்தில் வந்து இறங்கிய முதல் நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. எத்தனை சோதனைச் சாவடி என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் பஸ்ஸில் மறுபடி ஏற வேண்டும். கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட், வாயில் இருந்தது தமிழ். முதலாவதைப் பார்த்துச் சிரித்த சிப்பாய்கள் இரண்டாவதைக் கேட்டதும் பையைக் கொட்டச் சொன்னார்கள். பாய் தைக்கும் ஊசி ஆறு வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் விரல் நீளம். அது எதற்கு, நூல் எங்கே, துணி எங்கே என்று விளக்கி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

நடுவழியில் டயர் வெடித்தது. ஜாக்கி இருந்தது, அதைச் சுற்றுகிற கம்பி இல்லை. ஏதோ ஒரு சாவடியில் ஆயுதம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இன்னொரு பஸ் வந்து கம்பி இரவல் தரும்வரை சாலையோர நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வாழையிலைப் பொதியைப் பிரித்து, கேட்காமலேயே எனக்கு நாலு இடியப்பமும் மிளகாய்ச் சம்பலும் வைத்தார். எங்கள் ஊரில் இடியப்பம் என்றால் தேங்காய்ப்பூவும் சீனியும். இங்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, சோதிக்கிற இடத்தில நீங்கள் கனக்கக் கதைக்கிறியள். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கேளாததைச் சொன்னால் அதிலயிருந்து பத்துக் கேள்வி வரும்.”

நல்ல புத்தி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் புத்தியை எங்கே போய்ச் செலவழித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மறுநாள் காலை ஊரைப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் புள்ளிமான்கள் திரிகின்றன. எங்கள் ஊரில் மாடு செய்யும் வேலையை இங்கே மான் செய்கிறது, சுவரொட்டியும் வாழைத்தோலும் தின்கிறது. துறைமுகத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. சுற்றிலும் மலை, நடுவில் அலையே இல்லாத ஆழமான தண்ணீர். கடவுள் இதைச் செய்து முடித்துவிட்டு மிஞ்சிய மண்ணைத்தான் எங்கள் ஊர்க் கரையில் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரில் வலை போடப் போகிறவன் காலையில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாயங்காலம் வந்து திருப்பி வாங்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல் மூட்டை, முள்கம்பி, அதற்குப் பின்னால் யாராவது ஒரு சின்ன வயதுக்காரன் துப்பாக்கியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.

எரிக்கின் படகு பாசி பிடித்துக் கிடந்தது. எஞ்சின் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது. பாய்மரம் நன்றாகத்தான் இருந்தது. பாயின் அடிப்பக்கத்தை விரித்துப் பிடிக்கும் குறுக்கு மரத்தை நாங்கள் பருமல் என்போம். அதுவும் பார்வைக்கு வார்னிஷ் பளபளப்போடு இருந்தது. எரிக் சந்தேகப்பட்டபடி, நுனியில் உள்ள இரும்பு வளையத்தின் பக்கத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தால் காப்பி வடிகட்டிய தூள் மாதிரி ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. வளையத்துக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் உட்கார்ந்து தின்றிருக்கிறது. பருமல் இல்லாமல் பெரிய பாயை விரிக்க முடியாது. பெரிய பாய் இல்லாமல் இந்தத் தீவைச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாது.

மரம் விற்கும் மரக்காலைக்குப் போனேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இருபத்திரண்டு அடியோ? காட்டுக்குள்ள ஆர் ஐயா போறது? கதவு நிலைக்கு ஏழடி இருக்கு. வேணுமெண்டால் மூண்டைச் சேர்த்து ஒட்டுங்கோ.”

ஊரைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் கால் வைக்க முடியாது. முன்பு வெட்டி வைத்திருந்த நீள மரமெல்லாம் பங்கர்களுக்குக் கூரையாகிவிட்டது. வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவரலாம் என்றால் சாவடிக்குச் சாவடி அனுமதி வேண்டும். திருகோணமலை மரம் திருகோணமலையில் இல்லை என்பதை அன்று மத்தியானம் சோறும் சொதியும் பொரித்த சூடை மீனுமாகச் சேர்த்து விழுங்கினேன். மீன் மட்டும் அருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் இறங்குதுறையில் நின்று கண்டவரிடமெல்லாம் மரம் கேட்டுக்கொண்டிருந்தேன். கரையேற்றி வைத்த ஒரு படகின் அடியில் படுத்துப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டினார். அறுபது வயதிருக்கும். மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெயர் நல்லரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பூர்ப் பக்கம் படகு கட்டிக்கொண்டிருந்தவர். போன வருடம் ஷெல் விழுந்து ஊரே கிளம்பியபோது மனைவியோடு வெளியேறியவர், இப்போது சல்லி என்ற ஊரில் மைத்துனி வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கிறார். ஊர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே போக முடியாது.

“மரம் இருக்குத் தம்பி,” என்றார். “என்ர ஊரில இருக்கு.”

சமாதானம் வந்த மறு வருடம் புதுப் படகு ஒன்று கட்டலாம் என்று அவர் ஒரு சமண்டலையை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள உப்பாற்றுச் சேற்றில் அமிழ்த்தி வைத்திருந்தார்.

“பச்சை மரத்தை உப்புத்தண்ணிச் சேத்துக்குள்ள தாட்டு வைச்சால் பால் எல்லாம் இறங்கிப்போம். பிறகு வெய்யிலுக்கு முறுகாது, புழுவும் தொடாது. நாலு வருசமாய்க் கிடக்கு. கதவு, ஓடு, கதிரை எல்லாம் கொண்டுபோயிருப்பாங்கள். சேத்துக்குள்ள மரம் இருக்கெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நாலு வருடம் ஊறிய சமண்டலை. எங்கள் ஊரில் காட்டினால் ஆசாரிகள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

“எனக்கும் அங்க ஒரு அலுவல் இருக்கு,” என்றார் நல்லரத்தினம். “காணி உறுதி, உங்கட ஊரில பத்திரம் எண்டுவியள். வெளிக்கிடேக்க வழியில பறிச்சுப் போடுவாங்களெண்டு பயத்தில போத்தலுக்குள்ள போட்டுக் கிணத்தடியில தாட்டுட்டு வந்தனான்.”

“ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நகல் கிடைக்காதா அண்ணாச்சி?”

“கேட்டனான். உறுதி இலக்கத்தைக் கொண்டு வாங்கோ, பிரதி தாறம் எண்டாங்கள். இலக்கம் உறுதியிலதான் கிடக்கு.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சொன்னார். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, பன்னிரண்டு தென்னை. என்றைக்காவது ஊரைத் திறந்துவிட்டால், உறுதி காட்டுகிறவனுக்குத்தான் அவனவன் காணி, மற்றவனுக்கு எங்கேயாவது ஒரு பொட்டல் என்று இடம்பெயர்ந்தவர்கள் நடுவில் பேச்சாம். அவர் மனைவி தினமும் அதைக் கேட்டுக் கேட்டு அழுகிறாளாம்.

துறைமுக முகாம் அதிகாரிக்கு எரிக்கின் படகு கண்ணில் விழுந்த தூசி. அது தொலைந்தால் போதும் என்று இருந்தார். மனு எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேரம் உள்ளே போய் மரத்தை எடுத்துவர அனுமதி தருவதாகச் சொன்னார். எழுத உட்கார்ந்தபோது நல்லரத்தினம் இரண்டு காரியம் சொன்னார்.

“மரமும் வீட்டுப் பத்திரமும் எண்டு எழுதுங்கோ தம்பி. நீளத்தை இருபத்தஞ்சு எண்டு போடுங்கோ. வெட்டிக் கழிக்க இரண்டு பக்கமும் இடம் வேணும்.”

எனக்கு அந்த ஆசிரியையின் புத்தி ஞாபகம் வந்தது. பத்திரம் என்று எழுதினால் என்ன பத்திரம், யாருடையது என்று மனுவே விழுந்துவிடும். பழைய பருமல் சரியாக இருபத்திரண்டு அடி. இருபத்தைந்து என்று எழுதினால், மிச்சம் மூன்று அடி எதற்கு என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில். மரம் ஒன்று, நீளம் இருபத்திரண்டு அடி, ஆள் இரண்டு. அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

“பத்திரத்தப் பத்தி எழுதல அண்ணாச்சி,” என்றேன். “அங்க போயி எதையும் எடுத்துட்டு வந்துராதீங்க. மாட்டுனா படகே போயிரும்.”

அவர் “சரி தம்பி” என்றார். நீளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அனுமதி வர ஒன்பது நாள் ஆயிற்று. பொழுது போகாமல் ஒரு நாள் நிலாவெளிக்குப் பஸ் ஏறினேன். வெறிச்சோடிய ஹோட்டல் ஒன்றின் முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். தூரமாகப் போய் வலை வளைக்க அனுமதி இல்லையாம், கரையோரமாகவே வளைத்ததில் ஒரு கூடை கீரிமீனும் நிறையப் பாசியும் வந்தன. “இந்தியாவில மீன் எங்க வேணுமெண்டாலும் பிடிக்கலாமாமே?” என்று ஒருவர் கேட்டார். ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் விசைப்படகுகள் எங்கெங்கே போய் அள்ளுகின்றன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் புறப்பட்டோம். ஓட்டி கிண்ணியாவைச் சேர்ந்த கபூர் நானா, ஃபைபர் படகு அவருடையது. நான், நல்லரத்தினம், காவலுக்கு இரண்டு சிப்பாய்கள். கபூர் நானாவுக்கு வாய் ஓயாது.

“டென்மார்க்கா? இந்த ஊர்ல எல்லாரும் அது சமாதானம் பேச வந்த நோர்வேட படகுண்டுதான் நெனச்சிட்டு இருக்காங்க. சமாதானம் உள்ள இருந்து வெளிய வரும் வரும்ண்டு பாத்தது.”

கொட்டியாரக் குடாவில் அன்று காற்றே இல்லை. நல்லரத்தினம் படகின் முன்பக்கம் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வெற்றிலைகூடப் போடவில்லை.

ஊர் என்று ஒன்று அங்கே இல்லை. வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. குண்டு விழுந்த வீடுகளும் உண்டு. ஆனால் குண்டு ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக் கொண்டுபோகாது. நல்லரத்தினத்தின் வீட்டில் நாலு சுவரும், குசினியில் ஒரு அடுப்பும் மிஞ்சியிருந்தன. கூடத்தின் நடுவே ஆமணக்குச் செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, கடலைப் பார்த்து நின்றுகொண்டேன்.

வெளியே வந்தவர் கால் கழுவ வேண்டும் என்று சைகை காட்டினார். சிப்பாய் தலையசைத்தான். கிணற்றடிக்குப் போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

“இருந்துச்சா?” என்று காதோடு கேட்டேன்.

“நேரமில்லைத் தம்பி,” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மனிதர் எடுக்காமல் வந்துவிட்டார், இனிப் படகுக்கு ஆபத்து இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மரம் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. தடித்த பக்கத்து நுனியில் துளையிட்டு, அதில் கயிறு கோத்து ஒரு முளையில் கட்டியிருந்தார். கயிறு மக்கிவிட்டது, மரம் மக்கவில்லை. சேற்றைக் கையால் வழித்தபோது கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு தெரிந்தது. நானும் கபூர் நானாவும் மெல்லிய பக்கத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்க, நல்லரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, துளைக்குள் ஆப்பு வைத்து அடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“தண்ணி ஏறாமல்,” என்றார்.

நாலு வருடம் தண்ணீருக்குள் கிடந்த மரத்துக்கு இனி என்ன தண்ணீர் ஏறப் போகிறது என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மரம் கனம். படகின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டியதில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஊர்ந்தது. இறங்குதுறைக்கு வந்து சேரப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. காவலரணில் எங்களைத் தலை முதல் கால் வரை தடவினார்கள். நல்லரத்தினத்தை வாயைத் திறக்கச் சொன்னார்கள், வெற்றிலைப் பையைக் கொட்டினார்கள், சுண்ணாம்பு டப்பாவுக்குள் குச்சியை விட்டுக் கிளறினார்கள். பிறகு சார்ஜன்ட் அளவு நாடாவோடு வந்தார். நரைத்த தலை, தடித்த மூக்குக் கண்ணாடி, எங்கள் ஊர்த் தபால்காரர் சாயல். மரத்தை அளந்தார். தாளைப் பார்த்தார். மறுபடி அளந்தார். சிங்களத்தில் நிதானமாக ஏதோ சொன்னார். கபூர் நானா எங்களுக்குச் சொன்னார்.

“மரம் சரியாம். ஆனா இருபத்தி நாலரை அடி இருக்காம். பேப்பர்ல இருபத்திரண்டுதானாம். மிச்சம் ரெண்டரை அடிக்கிப் பாஸ் இல்லயாம். அத வெட்டி இங்க வெச்சிட்டுப் போகட்டாம். தாள்ல உள்ளதுக்கு மேல விட்டா அவரத்தான் கேப்பாங்களாம்.”

நல்லரத்தினம் என் பக்கம் திரும்பினார். “இருபத்திரண்டோ எழுதினீங்கள்?”

இருபத்திரண்டு அடி எனக்குப் போதும், பருமல் வந்துவிடும், பிறகென்ன என்று உள்ளுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். துளை இருந்த நுனியிலிருந்து இரண்டரை அடி அளந்து கரிக்கோடு போட்டேன்.

“அதில வேண்டாம்,” என்றார் அவர். “மற்றப் பக்கத்தில வெட்டுவம்.”

“அந்தப் பக்கம் பழுதில்லாம இருக்கு அண்ணாச்சி. இதுலதான ஓட்டை.”

“ஓட்டை கிடந்தால் கிடக்கட்டும். இதுதான் வைரம் பாய்ஞ்ச பக்கம். நான் சொல்லுறன், மற்றப் பக்கத்தை வெட்டுங்கோ.”

எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“முப்பது வருஷமா இதே வேலதான் பாக்கேன். ஓட்டையா இருக்கிற பக்கத்த வெச்சிக்கிட்டு நல்ல பக்கத்த வெட்டச் சொல்லுதீங்களே, எந்த ஆசாரியாவது இப்படிச் சொல்வானா?”

எந்த ஆசாரியும் சொல்லமாட்டான்தான். சார்ஜன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்லரத்தினம் வாளை எடுத்துக் கோட்டில் வைத்தார். இரண்டு இழுப்பு இழுப்பார், நிறுத்துவார். வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்று நினைத்து வாளை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே அறுத்து முடித்தேன். துண்டு கீழே விழுந்து உருண்டது. அவர் ஓடிப்போய் அதன்மேல் கையை வைத்தார்.

“ஆப்புச் செதுக்க உதவும், இதைத் தரச் சொல்லுங்கோ நானா.”

கபூர் நானா கேட்டார். சார்ஜன்ட் தலையை ஆட்டினார். இரண்டரை அடிக்குப் பாஸ் இல்லை. ஒரு சிப்பாய் அதைக் காலால் உருட்டிக்கொண்டுபோய் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

பருமல் வேலையை இறங்குதுறை முற்றத்தில்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவு. காவலரணிலிருந்து இருபது அடி தூரம். மறுநாள் காலையில் வந்து நல்லரத்தினம் வாச்சியால் மரத்தைச் சதுரமாகச் செதுக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். மறுபடி வாச்சியை எடுத்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“நேத்து மட்டும் உங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு ஓட்டைய அடைச்சிக்கிட்டு உக்காந்திருப்போம்,” என்றேன்.

அவர் வாச்சியைக் கீழே வைத்தார்.

“அந்த ஓட்டைக்குள்ளதான் தம்பி என்ர உறுதி இருந்தது.”

கிணற்றடியில் போத்தலை உடைத்து, தாளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் பொதிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். கரையில் உடம்பைத் தடவுவார்கள் என்று தெரியும். அதனால் மரத்தின் துளைக்குள் தள்ளி ஆப்பு அடித்து மேலே சேற்றை அப்பியிருக்கிறார். மரத்துக்குத்தான் அனுமதி இருக்கிறதே. இருபத்தைந்து அடிக்கு அனுமதி இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“எடுக்க வேண்டாமெண்டு சொன்னது நீங்கள்தானே.”

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழவும் யோக்கியதை இல்லை என்று தோன்றியது. வாளைப் பிடுங்கிய என் கையைப் பார்த்தேன். அவர் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. வாச்சியை எடுத்து மறுபடி செதுக்க ஆரம்பித்தார்.

காவலரணைத் திரும்பிப் பார்த்தேன். காவலுக்கு நின்ற சிப்பாய் அந்தத் துண்டை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

“ஊறின மரம் விறகுக்கு ஆகாது,” என்றார் நல்லரத்தினம். “அதால இருக்கிறதுக்கு வைச்சிருக்கிறாங்கள்.”

நான் சும்மா இருக்கவில்லை. பிஸ்கட்டும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டு சார்ஜன்டிடம் போனேன். பருமலுக்கு முட்டுக் கொடுக்க அந்தத் துண்டு வேண்டும் என்று கபூர் நானாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் பிஸ்கட்டை ஏற்றுக்கொண்டு எனக்கே ஒன்று கொடுத்தார். மனு எழுதித் தா, மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதினேன். மரத்துண்டு ஒன்று, நீளம் இரண்டரை அடி. நாலாம் நாள் மனு திரும்பி வந்தது. பருமலுக்கு மரம் கொடுத்தாயிற்று, இதற்குக் காரணம் போதாது. மூன்றாம் தடவை போய் நின்றபோது சார்ஜன்ட் பிஸ்கட்டைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் துண்டைப் பார்த்தார், பிறகு நல்லரத்தினத்தைப் பார்த்தார். கபூர் நானா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“விடுங்க தம்பி. இன்னொருக்காக் கேட்டா அவன் அதப் பொளந்து பாப்பான். பொறகு கூப்பிடுறது இந்த மனுசனத்தான்.”

நல்லரத்தினமும் வேண்டாம் என்றார். அதோடு நின்றது.

எட்டு நாள் அவர் அந்தக் காவலரணுக்கு எதிரில் உட்கார்ந்து வேலை செய்தார். சதுரத்தை எட்டுப் பட்டையாக்கினார், எட்டைப் பதினாறாக்கினார், பிறகு சீவுளி போட்டு உருட்டினார். ஒரு நாள் மழை தூறியது. காவலுக்கு நின்றவன் துண்டை உள்ளே எடுத்துக்கொண்டுபோய் உட்கார்ந்தான். நல்லரத்தினம் நனைந்தபடி, அவன் அதை எந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் மனைவி சாப்பாடு கட்டி அனுப்புவாள், எனக்கும் சேர்த்துத்தான். பிட்டும் மீன் குழம்பும். அவளுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

“கிணத்தடியில தேடக் கிடைக்கேல்ல எண்டு சொல்லியிருக்கிறன்,” என்றார். “கிடைக்கேல்ல எண்டால் ஒரு நாளைக்குப் போய்த் தேடலாமெண்டு இருப்பாள்.”

வாயிலிருந்த பிட்டைத் தண்ணீரைக் குடித்து விழுங்கினேன்.

அப்படி ஒரு பருமலை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு நுனியிலிருந்து பார்த்தால் மறு நுனிவரை இழுத்துக் கட்டிய நூல் போலப் போயிற்று. எண்ணெய் தடவியதும் சிவப்பு எழும்பி வந்தது. தப்பு ஏதாவது இருக்குமா என்று தேடினேன். ஒரு முடிச்சாவது, ஒரு கோணலாவது இருந்தால் மனதுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் போல இருந்தது. எதுவும் இல்லை.

படகை ஓட்டிப் போகத் துணைக்கு ஊரிலிருந்து என் மைத்துனன் வந்து சேர்ந்தான். பருமலைத் தடவிப் பார்த்துவிட்டு, “மச்சான், நல்ல மரமாப் பாத்துப் பிடிச்சிட்டியே” என்றான். அடித்துவிடலாம் போல இருந்தது.

புறப்பட்ட அன்று காலை படகை இறங்குதுறையில் கட்டியிருந்தோம். சார்ஜன்ட் காகிதங்களைப் பார்த்தார், பருமலை ஒரு தரம் அளந்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிரித்தார். நல்லரத்தினம் கரையில் எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லாமல் என்னால் போக முடியவில்லை.

“அண்ணாச்சி, நான் இத விடமாட்டேன். ஊருக்குப் போனதும் எரிக்கிட்டச் சொல்லி மேலிடத்துக்கு எல்லா விவரமும் எழுத வைக்கேன். நானும் எழுதுதேன்.”

அவர் கயிற்றை முளையிலிருந்து கழற்றினார்.

“வேண்டாம் தம்பி,” என்றார். “நீங்கள் இனி ஒண்டும் எழுதாதைங்கோ.”

கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்துவிட்டுப் போனார்.